மாரிக் காலத்து மனைத்தொழில்: பனையோலை இழைத்தலும் ஒடியல் பதஞ்செய்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. ஆண்டு மழையின் பெரும் பகுதி, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. கிணறுகள் நிறைவதும் காலபோக நெல் தழைப்பதும் இம்மழையினாலேயாம். ஆயினும், தொடர்ந்து மழை பெய்யும் நாட்களில் தோட்ட நிலத்தில் மண்வெட்டி வைத்தல் இயலாது. கூலிவேலைக்குச் செல்வோருக்கும் வேலை குறைந்துவிடும். வருமானம் சுருங்கி, வீட்டுச் செலவு மட்டும் சுருங்காதிருக்கும் காலம் இதுவே.

இந்நாட்களை வெறுநாட்களாகக் கழித்தல் வேண்டியதில்லை. விறாந்தையில் அமர்ந்து ஓலை இழைத்தற்கும், தை பிறந்து வெயில் காணும்போது ஒடியல் பதஞ்செய்தற்கும் ஏற்ற பொருள் உங்கள் வளவிலேயே நிற்கின்றது. அதுவே பனை. இவ்விரு தொழில்களையும் பழுதின்றிச் செய்து பயன்பெறும் முறை கீழே கூறப்படுகின்றது.

1. ஓலை தெரிதல்

இழைத்தற்கு ஏற்றது இளம் ஓலையாகிய சார்வோலையாகும். முற்றிய ஓலை தடிப்புடையது, மடிக்கும்போது வெடிக்கும். ஆதலின் அது வேலியடைத்தற்கும் கூரை வேய்தற்குமே பயன்படும். நுண்ணிய பெட்டிகளுக்கு வடலியின் குருத்தோலை சிறந்ததாயினும், அதனை எடுப்பதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். பனைக்குத் தலையிலுள்ள குருத்து ஒன்றே உயிர்நிலை. தென்னையைப் போலவே பனையும் பக்கக் கிளை விட்டுப் பிழைக்கமாட்டாது. ஒரு குருத்தை எடுத்தீர்களாயின், அடுத்து வரும் குருத்துகளை விரியவிடுங்கள். ஒரே வடலியில் அடுத்தடுத்துக் குருத்தெடுத்தால் மரம் மெலியும். நடுக்குருத்து காயப்பட்டால் மரமே பட்டுப்போகும்.

ஓலையைக் கோடையிலேயே வெட்டி, வெயிலில் உலர்த்தி, கட்டாகக் கட்டி, அடுப்படிப் பரணில் வைத்தல் முன்னோர் கைக்கொண்ட வழக்கம். புகை படும் இடத்தில் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் அணுகா. மாரியிலே வெட்டிய ஓலை நன்கு உலராமையால் கறுத்துப்போகும். இவ்வாண்டு ஓலை சேர்த்து வையாதவர்கள் அயலாரிடமோ சந்தையிலோ உலர்ந்த ஓலை பெற்றுத் தொழிலைத் தொடங்கலாம். வருங் கோடையில் தமக்கு வேண்டியதைத் தாமே சேர்த்தல் நன்று.

2. வார்தலும் இழைத்தலும்

மாரிக் காலம் இழைத்தற்கு உகந்தது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. காற்றில் ஈரம் இருக்கும்போது ஓலை பதமாக வளையும். கோடையின் வறண்ட காற்றிலோ முறியும். வேலைக்கு எடுக்குமுன் ஓலையில் நீர் தெளித்து, ஈரத்துணியிற் சுற்றிச் சிறிது நேரம் வைத்திருங்கள். பின்னர் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்துகொள்ளுங்கள். அகலம் ஒத்திராவிடின் இழைப்பு கோணும். கோணிய பெட்டிக்கு விலை இல்லை. பாய்க்கு அகன்ற ஓலையும், சிறு பெட்டிகளுக்கு ஒடுங்கிய ஓலையும் வேண்டும். நீக்கிய ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள். பெட்டியின் விளிம்பிற்கு உரம் கொடுக்க அது உதவும்.

பழகுவோர் முதலிலே சிறிய பெட்டியொன்றைச் செய்து கை பழகிய பின்னரே கடகத்திற்குச் செல்லவேண்டும். கடகம் பாரம் சுமப்பது. ஆதலால் அதன் வாய்விளிம்பை மட்டையிலிருந்து உரித்த நாரினால் இறுக்கிப் பொத்துதல் வேண்டும். பொத்து நெகிழ்ந்தால் எரு சுமக்கும் முதல் நாளே விளிம்பு பிரியும்.

சாயமிட விரும்புவோர் இழைத்தற்கு முன்னரே ஓலையைக் கொதிக்கும் சாயநீரில் தோய்த்து, நிழலில் உலர்த்துக. சாயம் தோய்த்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுத்தல் கூடாது. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, சுளகு முதலிய உணவுப் பொருள்களுக்குச் சாயமிடாத ஓலையே தகும்.

பொருளைத் தெரியும்போது வாங்குவோரின் தேவையையும் நோக்குக. பனங்கட்டிக்குக் குட்டான், மீனுக்கு உமல், தோட்டத்திற்குக் கடகம், வீட்டிற்குப் பாயும் நீற்றுப்பெட்டியும் இன்றும் வேண்டப்படுகின்றன. 2017ஆம் ஆண்டு இலங்கையில் மெல்லிய பொலித்தீன் பைகள் தடைசெய்யப்பட்ட பின்னர், ஓலைப் பைகளுக்கும் பரிசுப் பெட்டிகளுக்கும் புதிய இடம் உண்டாகியுள்ளது.

3. கிழங்குப் பாத்தியைக் காத்தல்

ஆவணி, புரட்டாதி மாதங்களில் விழுந்த பனம்பழத்தின் விதைகளை நீங்கள் பாத்தியில் அடுக்கியிருப்பீர்கள். கிழங்கு கீழ்நோக்கி நீண்டு வளர்வதால் பாத்தி உயரமாயும், மண் பொருபொருப்பாயும் இருத்தல் அவசியம். மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும். 2008ஆம் ஆண்டு நவெம்பரில் நிஷாப் புயலால் உண்டான வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, தாழ்ந்த இடத்தில் பாத்தி போடுவதன் கேட்டை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுங்கள். மழை ஓய்ந்தபோதெல்லாம் வாய்க்காலை ஒருமுறை பார்த்து, அடைத்த மண்ணை அகற்றுங்கள்.

மார்கழிக் கடைசியில் பாத்தியின் ஒரு மூலையைக் கிண்டிப் பாருங்கள். கிழங்கு திரண்டு, மேலுறை காய்ந்திருந்தால் பருவம் வந்துவிட்டது. முதல் இலை வெளிப்பட்டு விரியும்வரை விட்டால், கிழங்கிலுள்ள மாப்பொருளை இலை உண்டுவிடும். கிழங்கில் தும்பு மிகும். உடன் அவித்து உண்ணுதற்கு வேண்டிய கிழங்கை மாத்திரம் மார்கழியிற் கிண்டுக. உலர்த்துதற்குரியதைத் தைமாதத்து வெயில் உறுதிப்பட்ட பின்னர் கிண்டுதல் நலம். விதையைப் பிளந்து பெறும் பூரான் பிள்ளைகளுக்கு விருப்பமான உணவு. எஞ்சும் ஊமல் நல்ல விறகாகும், கரியாக்கியும் பயன்படுத்தலாம்.

4. ஒடியலும் புழுக்கொடியலும்

பச்சைக் கிழங்கின் தோலை உரித்து, நுனியும் அடியும் நறுக்கி, நெடுக்காகப் பிளந்து உலர்த்துவது ஒடியல். கிழங்கை அவித்து, தோல் நீக்கி, பிளந்து உலர்த்துவது புழுக்கொடியல். இரண்டிற்கும் உயிர்நாடி உலர்த்துதலே. வெறுந்தரையிற் பரப்பாமல் பாயிலோ உயர்ந்த தட்டியிலோ பரப்புக. தைமாதத்துப் பனி இறங்குமுன் மாலையில் அள்ளி உள்ளே வைக்க. ஒடித்தால் வளையாது ஓசையுடன் முறியும் பதமே சரியான பதம். அதற்கு முன் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் பிடித்த துண்டைத் துடைத்துவிட்டு உண்பதும், மாவுடன் சேர்த்து இடிப்பதும் பெருந்தவறு. சில பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குவன. அந்நஞ்சு சமைப்பதால் முற்றாக அழியாது. அத்தகைய துண்டுகளை எறிந்துவிடுதலே இலாபம். உலர்ந்தவற்றை ஈரமற்ற, இறுக மூடும் பாத்திரத்தில் வைத்து, இடையிடையே வெயில் காட்டுக.

ஒடியல் மாவைப் பற்றி மேலும் ஒன்று கூறல் வேண்டும். அம்மாவிற் கசப்பான பொருள் உண்டு. பதஞ்செய்யாத மாவை ஆராய்ச்சியில் எலிகளுக்குக் கொடுத்தபோது தீய விளைவு காணப்பட்டது. நம் பாட்டிமார் மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துப் பிழிந்த பின்னரே பிட்டு அவித்தார்கள், கூழும் காய்ச்சினார்கள். கசப்பையும் நீரிற் கரையும் பொருள்களையும் குறைக்கும் வழி இதுவே. வேலை மிச்சம் என்றெண்ணி இதனை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது நீரை ஒருமுறைக்கு இருமுறை மாற்றுதல் நன்று.

5. கணக்கும் விற்பனையும்

மனைத்தொழிலில் உழைப்பவர் பெரும்பாலும் பெண்களே. வீட்டிலிருந்து செய்வதால் அவ்வுழைப்பிற்கு விலையில்லை என்று கருதப்படுகின்றது. இது நீதியன்று. ஒரு சிறு கொப்பியில் ஓலைக்கு ஆன செலவு, சாயச் செலவு, இழைத்த மணித்தியாலங்கள், விற்ற விலை ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். ஒரு மாதத்தின் பின் எந்தப் பொருள் கூலி தருகின்றது, எது தரவில்லை என்பது வெளிப்படும். தராத பொருளை விற்பனைக்கென இழைப்பதை விடுங்கள். தனித்தனியே தரகருக்கு விற்பதிலும், அயல்வீட்டார் சிலர் சேர்ந்து ஒரே அளவிலும் தரத்திலும் செய்து கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக விற்பது மேலானது. பனைசார் தொழில்களை வளர்ப்பதற்காக 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுவோர் அவற்றை நாடலாம்.

6. மரமும் கைப்பழக்கமும் நிலைத்தல்

1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போரிலே வடபகுதியின் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டவை பல. பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். இன்று நடுபவர் தம் பிள்ளைகளுக்காகவே நடுகின்றார். ஆதலின் கிழங்குக்கென அடுக்கும் விதைகளிற் சிலவற்றை ஒதுக்கி, மழை தொடங்கும்போது வேலியோரத்திலும் வெறுநிலத்திலும் ஊன்றுங்கள். பனை நாற்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. விதையை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் சிறந்தது.

மரத்தைப்போலக் கைப்பழக்கமும் அறாது காக்கப்படல் வேண்டும். ஆச்சிமார் இழைக்கும் முறை ஏட்டில் இல்லை. அவர்தம் விரல்களில் உள்ளது. மார்கழி விடுமுறையிற் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது, ஆணாயினும் பெண்ணாயினும், நாளுக்கு ஒரு மணித்தியாலம் அவர்களை ஆச்சிமார் அருகில் இருத்திப் பழக்குங்கள்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

(அ) ஓலையைக் கோடையிற் சேர்த்து, மாரியில் இழைக்க.
(ஆ) ஒரே வடலியில் அடுத்தடுத்துக் குருத்தெடுக்காதீர்கள்.
(இ) கிழங்குப் பாத்தியில் நீர் தேங்க விடாதீர்கள்.
(ஈ) உலர்த்துதற்குரிய கிழங்கை வெயில் உறுதிப்பட்ட பின் கிண்டுக.
(உ) பூஞ்சணம் பிடித்ததை எறிக. ஒடியல் மாவை ஊறவிட்டு வடித்தே சமைக்க.
(ஊ) உழைத்த நேரத்தையும் கணக்கில் எழுதுக.
(எ) ஆண்டுதோறும் சில விதைகளையேனும் ஊன்றுக.