கணிப்பொறி தொடங்க மறுக்கும்போது

அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டி, கற்சிற்பத்திற்கும் பின்னலாடைக்கும் பெயர்பெற்ற ஊர். 2021-ஆம் ஆண்டில் அது நகராட்சியாக உயர்ந்தது. சூழ்ந்துள்ள சிற்றூர்களில் உழவும் தறியும் பனியன் தொழிலும் அருகருகே நடைபெறுகின்றன. இப்பகுதியின் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. தீர்மான நகல்கள், வேலை மதிப்பீடுகள், பயனாளிகளின் பட்டியல், உறுப்பினரின் கடன் விவரம் எனப் பலவும் அதனுள் அடங்கியுள்ளன. அக்கருவி ஒருநாள் காலையில் தொடங்க மறுத்தால் நாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு படிகள்

மோட்டாரைப் போட்டும் தண்ணீர் ஏறவில்லையெனில், எந்த உழவரும் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்ட முனைவதில்லை. ஃபியூஸ், ஸ்டார்ட்டர், ஃபுட் வால்வு என ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். கணிப்பொறியையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்.

கணிப்பொறி எழுவது நான்கு படிகளில். முதற்படி, மின்சாரம் வந்து சேர்வது. இரண்டாவது, பொறி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்வது. பயாஸ் எனப்படும் சிறு நிரல் இதனைச் செய்கிறது. மூன்றாவது, அந்நிரல் ஹார்டு டிஸ்கைக் கண்டறிந்து, அதிலுள்ள தொடக்கக் கட்டளைகளை எடுத்துக்கொள்வது. நான்காவது, விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற இயக்க முறைமை நினைவகத்தில் ஏறி, நம்மிடம் கடவுச்சொல்லைக் கேட்பது. எந்தப் படியில் நின்றது எனக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்ததாகும்.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். இயக்க முறைமை வேறு, நம் கோப்புகள் வேறு. முறைமை எழவில்லை என்பதால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளன்று. கிணற்றில் நீர் இருக்கிறது. ஏறும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

படிதோறும் செய்ய வேண்டியவை

விளக்கே எரியவில்லையெனில், சுவரிலுள்ள பிளக், யு.பி.எஸ்., மின்கம்பி ஆகியவற்றை முறையே பாருங்கள். கணிப்பொறி ஓட, திரை மட்டும் இருண்டிருப்பதும் உண்டு. திரையின் கம்பி தளர்ந்திருக்கலாம்.

விளக்கு எரிந்தும் படம் வராமல் 'பீப்' ஒலி மட்டும் கேட்டால், பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாகப் பதியவில்லை என்று கொள்ளலாம். மின்சாரத்தை அறவே துண்டித்து, தகட்டைக் கழற்றி, அதன் முனையை உலர்ந்த மென்துணியால் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்த வேண்டும்.

தயாரிப்பாளரின் பெயர் தோன்றியபின், தொடங்குதற்குரிய டிஸ்க் இல்லை என்ற அறிவிப்பு வந்தால், முதலில் பென் டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பொறி அதனையே டிஸ்க் என்று எண்ணி மயங்குவது உண்டு. தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டினால், உள்ளிருக்கும் 3 வோல்ட் காசு வடிவ பாட்டரி தீர்ந்திருக்கிறது. மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் சி.ஆர். 2032 என்ற வகை பயன்படுகிறது. அது தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிடும். பாட்டரியை மாற்றி, தொடக்க வரிசையில் ஹார்டு டிஸ்கை முதலில் வைக்க வேண்டும். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி வந்தால் மேலும் முயலாமல் உடனே நிறுத்தி, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

விண்டோஸின் அடையாளம் தோன்றி, பிறகு நீலத்திரை வந்தால் கோளாறு நான்காம் படியில் உள்ளது. விண்டோஸ் 10, 11 ஆகியவை சில முறை தொடங்கத் தவறினால், பழுது நீக்கும் திரையைத் தாமே காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பதை முதலிலும், அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்குவதை அடுத்தும், இன்றியமையாத நிரல்களோடு மட்டும் இயங்கும் 'சேஃப் மோடு' என்பதைப் பின்னரும் முயலலாம்.

பஞ்சும் கல்தூசியும்

நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பின்னலாடைக் கூடங்களின் பஞ்சுத் துகளும் சிற்பக் கூடங்களின் கல்தூசியும் கணிப்பொறியின் காற்றாடியில் படிந்து வழியை அடைக்கின்றன. வெப்பம் மிகுந்தால் பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். தொடங்கிய சில நிமிடங்களில் அணையும் கணிப்பொறியில் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. திங்கள்தோறும் மின்சாரத்தைத் துண்டித்து, காற்றாடி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, ஊதுகருவியால் தூய்மை செய்யுங்கள்.

உலகம் கற்ற பாடம்

2024 ஜூலை 19 அன்று, க்ரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுள்ள புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. மருந்தோ எளியது: சேஃப் மோடில் நுழைந்து, பழுதான கோப்பை நீக்கி, மறுபடியும் தொடங்குதல். டிஸ்கை அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும், பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணிப்பொறிகளுக்கு 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. அதனை எழுதி வைக்காதவர்கள் இடர்ப்பட்டார்கள். நம் அலுவலகக் கணிப்பொறியிலும் அப்பூட்டு இருக்கிறதா என்று இன்றே பார்த்து, சாவியைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்தல் நலம்.

செய்யத்தகாதது

பழுது பார்ப்பவர், "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று கூறக்கூடும். பொறி எழும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள கோப்புகள் போய்விடும். ஆதலின், கோப்புகளை வெளியே எடுக்கும் முன்னர் அதற்கு இசையாதீர்கள். லினக்ஸ் பதிந்த பென் டிரைவைக் கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, டிஸ்கிலுள்ளவற்றை வேறிடத்தில் நகல் எடுக்க முடியும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் லினக்ஸ் வகையே. இந்தச் சிறு உழைப்பை மேற்கொள்ளாமையால் ஓர் ஊரின் பயனாளிப் பட்டியல் அழியுமானால், விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஏழை மறுபடியும் அலுவலகத்திற்கு நடக்க நேரும். இழப்பு கருவிக்கன்று, அவருக்கே.

முன்கூட்டியே காத்தல்

சேரமான் தந்த பொன்னைத் திருமுருகன்பூண்டியில் பறிகொடுத்த சுந்தரர், பதிகம் பாடி அதனைத் திரும்பப் பெற்றார் என்பது தல வரலாறு. கோப்பைப் பறிகொடுத்த நமக்கு நகல் ஒன்றே துணை. வாரந்தோறும் இரண்டு நகல்கள் எடுங்கள். ஒன்றை அலுவலகத்திலும் மற்றதை வேறு கட்டடத்திலும் வைத்துப் பூட்டுங்கள். நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். மின்தடையின்போது கணிப்பொறியை முறைப்படி அணைக்கும் அளவுக்கேனும் யு.பி.எஸ். பாட்டரி வலுவாக இருத்தல் வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது, வேண்டுவது ஒழுங்கே. நகல் எடுக்கும் பொறுப்பு யாருடையது, மீட்புச் சாவி எங்கே இருக்கும் என்னும் இரண்டையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து முடிவு செய்யுமாறு பஞ்சாயத்து அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.