தொண்டும் தனிமனித அன்பும்

பெங்களூரில் எங்கள் வாராந்திர வகுப்புக்கு வரும் இளம் மருத்துவர் ஒருவர், ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ஈராண்டுகள் தொண்டாற்றப் புறப்படும் முன் ஒரு கேள்வி கேட்டார்: "சுவாமிஜி, அந்த மக்களின் மொழியோ வழக்கங்களோ எனக்குத் தெரியாது. மருந்து கொடுத்துவிட முடியும். அன்பு செலுத்துவது எப்படி?"

எல்லா உயிர்களிலும் உறைபவன் ஒருவனே என்னும் வேதாந்த உண்மையை அவருக்கு எடுத்துரைத்திருக்கலாம். ஆனால் அதை அவர் ஏற்கெனவே அறிவார். அன்று என் நினைவுக்கு வந்தது, ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் இதே நகருக்கு வந்து சேர்ந்த ஓர் அயர்லாந்துப் பெண்மணியின் வாழ்க்கை.

அன்பும் அருளும்

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். பைபிளில், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் அன்பைப் பற்றியது. உடைமைகள் அனைத்தையும் வாரி வழங்கினாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்பது அதன் கருத்து. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'அகாபே'. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை 'சாரிட்டி' என்றது. காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் குறுகி, பொதுவழக்கில் தர்மம் கொடுப்பதையே குறிக்கலாயிற்று. 1881-இல் வெளிவந்த திருத்திய பதிப்பு அதை 'லவ்' என்று மாற்றியது. தமிழ் பைபிள் 'அன்பு' என்றே கூறுகிறது.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள எனக்கு இந்த மாற்றம் ஓர் எச்சரிக்கையாகவே தோன்றுகிறது. கொடுக்கும் செயல் நிற்க, கொடுக்கத் தூண்டிய உள்ளம் மறைந்துவிடலாம்.

நம் மரபிலும் இதற்கு விளக்கம் உண்டு. தொடர்புடையோரிடம் செல்வது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். அருளை அன்பு பெற்ற குழந்தையாகவே வள்ளுவர் காண்கிறார். ஆகவே, ஒருவரிடமும் அன்பு கொள்ளாதவர் அனைவரிடமும் அருள் கொள்வது, தாயின்றிக் குழந்தை பிறப்பது போன்றதாகும்.

டோனாவூரின் அம்மா

ஏமி கார்மைக்கேல் 1867-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 1893-இல் ஜப்பானுக்குச் சமயப் பணியாளராகச் சென்றார். அங்கே நோயுற்ற மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றபோது, அவர் கூறியதைக் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டியின் கவனம் திடீரென அவர் அணிந்திருந்த கம்பளிமயிர்க் கையுறைகளின் மீது சென்றுவிட்டது. தம் உடையே அவருக்கும் தமக்கும் இடையே தடையாக நின்றதை உணர்ந்த ஏமி, அதன்பின் ஜப்பானிய உடைக்கு மாறினார்.

1895 நவம்பரில் அவர் இந்தியா வந்து பெங்களூரை அடைந்தார். பிறகு திருநெல்வேலிப் பகுதிக்குச் சென்று, தமிழ் கற்று, சேலை உடுத்தி, ஒரு பெண்கள் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்துவந்தார்.

1901 மார்ச்சில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயில் பணிக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்பொரு முறை தப்பியோடியதற்காக அவளுடைய கைகளில் சூடு போடப்பட்டிருந்தது. ஏமி அவளை மடியில் அமர்த்தி முத்தமிட்டார். தன் தாயைப் போலவே முத்தமிடும் இவர் யார் என்று தான் வியந்ததாக அந்தச் சிறுமி, பிரீனா, பிற்காலத்தில் நினைவுகூர்ந்தாள்.

மேலும் பல குழந்தைகள் வந்தனர். ஊர் ஊராகச் செல்வது தடைப்பட்டது. பிள்ளை தாயின் காலைக் கட்டிவிடும் என்னும் கருத்துள்ள நம் பழமொழியை ஏமி இங்கே கற்றுக்கொண்டார். கூட்டங்களில் பேசும் பணியை விட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டுவது தாழ்வான வேலையா என்ற ஐயமும் அவருக்கு எழுந்தது. சீடர்களின் பாதங்களைக் கழுவிய தம் குருநாதரை நினைத்து அவர் தெளிந்தார்.

டோனாவூர் இல்லத்துக்கு வந்த பல குழந்தைகளின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. எனவே ஒவ்வொரு குழந்தையும் வந்து சேர்ந்த நாளே அங்கு கொண்டாடப்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியபோதும் ஒவ்வொருவருக்கும் தனக்கே உரிய ஒரு நாள் இருந்தது. 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அங்கிருந்தபடியே தம்மவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதங்கள் எழுதினார். தாய்நாடு திரும்பாமலே 1951 ஜனவரி 18 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியில் தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

அவருடைய மதமாற்ற நோக்கத்தையோ, நம் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய அனைத்தையுமோ நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தச் சிறுமியின் சுட்ட கைகளை நம்மவர் எத்தனை பேர் கண்டும் காணாதிருந்தோம் என்ற கேள்வி மட்டும் நமக்கு எஞ்சுகிறது.

என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில், இந்நகரின் வீதியோரம் உறங்குபவர்களுக்குக் கம்பளி வழங்கச் சென்றிருந்தோம். ஒரு மூதாட்டி என்னிடம் கன்னடத்தில் ஏதோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கன்னடம் சரிவரத் தெரியாது. நன்றி கூறுகிறார் என எண்ணி, தலையசைத்து, கம்பளியை அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். உடன் வந்த தொண்டர் பிறகு கூறினார்: "சுவாமிஜி, தனக்குச் சென்ற ஆண்டுக் கம்பளியே நன்றாக இருக்கிறதாம். பக்கத்தில் படுத்திருப்பவனுக்குக் கொடுக்கச் சொன்னார்."

அந்த இரவில் பக்கத்திலிருந்த மனிதனைக் கண்டவர் அந்த மூதாட்டி. நான் கண்டது கம்பளிகளின் எண்ணிக்கையை. மறுவாரமே கன்னட வகுப்பில் சேர்ந்தேன்.

சாதகர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மொழியைக் கற்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பெயரைக் கேட்டு, அதைச் சரியாக உச்சரிக்கப் பழகினாலே போதும், மற்றவை தொடரும்.

2. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். அவருக்கு எது தேவை என்பது நம்மைவிட அவருக்கே நன்கு தெரியும்.

3. உடலளவிலும் விலகி நிற்கலாகாது. வேலூரில் தொழுநோயாளர்களுக்குப் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துப் பேசியபோது அவர் தேம்பி அழுதாராம். அதுவரை பல ஆண்டுகளாக எவரும் அவரைத் தொட்டதில்லை என்பதே காரணம்.

4. பெறுவதற்கும் மனம் வேண்டும். அவர்கள் தரும் ஒரு குவளை நீரை அமர்ந்து அருந்துவதும் தொண்டே.

அந்த மருத்துவரிடம் அன்று நான் கூறியது இவ்வளவுதான்: "எல்லோரையும் நேசிக்க வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். முதல் நாள் வரும் முதல் நோயாளியின் பெயரைக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயர் சொல்லி அழையுங்கள்."

இன்று நமது சேவையைப் பெறும் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிவோமா? இக்கேள்வியுடன் இம்மாதச் சாதனையைத் தொடங்குவோமாக!