ஆச்சியாக நின்று பேசிப் பாருங்கள்

ஓமந்தையில் பிள்ளைகளுக்குக் கதை எழுதப் பழக்கும்போது முதல் அரை மணித்தியாலம் ஒருவரும் கதையைத் தொடங்குவதில்லை. விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், ஓர் இடம், ஒரு சிக்கல், ஒரு தாயக்கட்டை. வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் முடிவு என்னவென்று ஊருக்கே தெரியும்; இந்த விளையாட்டில் நடத்துகிற எனக்கே தெரியாது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டை உலகமெங்கும் கொண்டுபோனது. அதில் பூதங்களும் வாள்வீரர்களும் வருவார்கள். எங்களுக்கு எங்கள் ஊர் வழியே போகும் ஏ-9 வீதியே போதும்.

2002 யுத்தநிறுத்தத்துக்குப் பின் அந்த வீதி திறந்தபோது இராணுவத்தின் சோதனைச் சாவடி ஓமந்தையில் இருந்தது. புலிகளின் சாவடி வடக்கே புளியங்குளத்தில். 2015இல் ஓமந்தைச் சாவடியை அகற்றிவிட்டார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அது பெரியவர்கள் வாயால் கேட்ட கதை. ஒருமுறை அதையே களமாக வைத்தோம்.

ஒரு மாணவி, வவுனியா ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற ஆச்சி. பைக்குள் ஒரு தேன் போத்தல். சிப்பாயாக நின்ற மாணவன் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் அடையாள அட்டையைக் கேட்டான். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மகளுக்குத்தான் தம்பி, வேற ஒண்டுமில்லை” என்றாள். கேட்டது அட்டை, வந்த பதில் தேன். அதற்கு முன் அவள் எழுதிய கதைகளில் எல்லோரும் ‘மிகவும் பயந்தார்கள்’. அன்று எழுதியதில் பயம் என்ற சொல்லே இல்லை. கேட்காத கேள்விக்கு ஆச்சி சொன்ன அந்தப் பதில் மட்டும் இருந்தது. வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பேசுவதற்கு எங்கள் விதி ஒன்றுதான்: பாத்திரத்துக்குத் தெரியாததை நீங்கள் பேசக்கூடாது. எழுதும்போது எல்லாம் அறிந்தவராக உட்கார்ந்திருப்பதால்தான் எங்கள் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே குரலில், மேடைப் பேச்சாகப் பேசுகிறார்கள். எதிரே ஓர் ஆள் நின்று மறுத்துப் பேசினால் அந்தக் குரல் தானாக உடையும்.

தாயக்கட்டை இன்னொரு வேலை செய்கிறது. எழுதுகிறவருக்குத் தன் பாத்திரத்தின் மேல் பாசம் அதிகம். கடைசி பஸ்ஸை எப்படியும் பிடித்துக் கொடுத்துவிடுவார். இங்கே அதைத் தீர்மானிப்பது கட்டை; ஒன்று விழுந்தால் பஸ் போய்விட்டது. இனி ஆச்சி என்ன செய்வாள்? கதை அங்கேதான் தொடங்குகிறது.

எழுத்தும் விளையாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. களம் இறங்குமுன் பாத்திரம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இரண்டு வரியில் எழுதி மடித்து வைக்கச் சொல்வேன். அதை எழுதியவர்கள் சும்மா கத்தி நடிப்பதில்லை; எதையோ காப்பாற்றப் பார்க்கிறார்கள். முடிந்ததும் அதே காட்சியை எதிராளியின் கண்ணால் எழுத வேண்டும். ஆச்சியாக நின்றவள் சிப்பாயாகவும், சிப்பாயாக நின்றவன் ஆச்சியாகவும். எங்கள் மண்ணில் இது இலேசான பயிற்சி அல்ல. அதனால்தான் கைவிடாமல் செய்கிறேன்.

ஆனால் தன் வீட்டில் நடந்ததையே நடிக்கும்படி எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். இழப்பில்லாத வீடு இங்கே குறைவு. கற்பனைப் பெயர், கற்பனைக் குடும்பம், வேண்டாம் என்றால் விலகி நிற்கும் உரிமை, மூன்றும் கட்டாயம்.

ஈழத்தில் இதற்குப் பலமான அடித்தளம் உண்டு. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்களை எழுதிய அதே கையால் சிறுவர் அரங்கையும் வளர்த்தார். பிள்ளைகளின் விளையாட்டை அவர் எழுத்துக்கு வெளியே வைக்கவில்லை. நாடகமும் அரங்கியலும் இன்று சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைப் பாடத்துக்கு முன் நாடக ஆசிரியரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பாடவேளை விளையாட விடுங்கள். பிறகு கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கள்.