வன்னீரும் உவர்நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அந்நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்படிவு உண்டாகின்றது. இவற்றைக் கண்டு, கிணறு உவராகிவிட்டதெனக் கமக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. வன்மை வேறு, உவர்ப்பு வேறு.

வன்மை உண்டாகும் விதம்

மழைநீர் மென்னீராகும். அது வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகின்றது. இவ்வமிலம் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லைக் கரைக்க, கல்சியமிருகாபனேற்று நீரிற் சேர்கின்றது. கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தைக் கரையாத திரளாக மாற்றுவதால் நுரை எழுவதில்லை.

இவ்வன்னீரைக் காய்ச்சினாற் காபனீரொட்சைட்டு வெளியேறும், கல்சியங்காபனேற்றுப் படியும். இது தற்காலிக வன்மை. சல்பேற்று, குளோரைட்டு ஆகியவற்றால் வரும் நிரந்தர வன்மை காய்ச்சுவதால் நீங்காது. சலவைச் சோடா இட்டால் நீங்கும்.

தோட்டத்தில் அதன் பயன்

கல்சியம் களித் துகள்களைத் திரளச் செய்து, மண்ணில் நீரும் காற்றும் புக வழி செய்யும். சோடியமோ அத்துகள்களைப் பிரித்து மண்ணை இறுகச் செய்யும். சலவைச் சோடாவால் மென்மையாக்கிய நீரிற் கல்சியம் நீங்கிச் சோடியம் நிற்கும். ஆகவே அந்நீர் துணி தோய்க்க உகந்தது. பயிருக்குப் பாய்ச்ச உகந்ததன்று.

அழுக்கணவனை ஒழிக்கச் சவர்க்காரக் கரைசல் தெளிப்போர் அதனை வன்னீரிற் கலத்தலாகாது. சவர்க்காரம் திரண்டு வீணாவதுடன், தெளிகருவியின் துவாரமும் அடைபடும். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துக.

வீட்டிற் செய்யக்கூடிய சோதனை

மூன்று போத்தல்களில் முறையே மழைநீர், கிணற்று நீர், காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த கிணற்று நீர் என்பவற்றைச் சம அளவில் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரச் சீவல் இட்டுக் குலுக்குக. மூன்றாவது நீர் இரண்டாவதைவிட நன்கு நுரைப்பின் தற்காலிக வன்மை உண்டென அறியலாம். உவர்ப்பை இச்சோதனை காட்டாது.

உண்மையான ஆபத்து

குடாநாட்டில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இயந்திரத்தால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும். நீரிற் கரிப்புச் சுவை தோன்றினும், கோடையில் இலை நுனி கருகினும் இறைப்பைக் குறைத்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். வன்னீரைக் கொண்டு பயிர் செய்யலாம். உவரான கிணற்றை மீட்பது அரிது.