உயர்தர கூலிங் கிளாஸ்: யாரிடம் செய்யக் கொடுப்பது?

சொந்தப் பெயரில் உயர்தர கூலிங் கிளாஸ் பிராண்ட் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இத்தாலியா, ஜப்பானா, சீனாவா?" என்பதைத்தான். நாட்டை முடிவு செய்த பிறகே ஆலையைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த லென்ஸ், எந்தப் பொருளில் ஃபிரேம், முதல் ஆர்டர் எத்தனை பீஸ் என்ற மூன்றும் தெளிவானால் ஊர் எது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

லென்ஸிலிருந்தே தொடங்குங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது ஃபிரேமின் அழகுக்காக இருக்கலாம். ஆனால் அவர் நம்பி ஒப்படைப்பது கண்ணை. கறுப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. இருட்டில் கண்மணி விரியும். கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸை மாட்டினால், விரிந்த கண்மணி வழியே கூடுதல் கதிர் உள்ளே போகும். வெறுங்கண்ணோடு வெயிலில் நிற்பதைவிட அது மோசமாகவும் ஆகலாம். போலரைஸ்டு லென்ஸ் விஷயத்திலும் பலர் குழம்புகிறார்கள். அது தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். புற ஊதாத் தடுப்பு அதிலிருந்து வேறான குணம், தனியாகச் சோதிக்க வேண்டியது.

ஆகவே ஆலையிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் லென்ஸின் பரிசோதனை அறிக்கை. ஐரோப்பாவில் விற்க ஐ.எஸ்.ஓ. 12312-1, அமெரிக்காவுக்கு ஏ.என்.எஸ்.ஐ. இசட் 80.3 என்ற தரநிலைகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. கணக்கில் லென்ஸ்கள் 0 முதல் 4 வரை வகைப்படும். வழக்கமான வெயிலுக்கான 3ஆம் வகை, ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். 4ஆம் வகையை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: சுமார் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் லென்ஸ் உடையக் கூடாது. அறிக்கை உங்கள் மாடலுக்கும் உங்கள் லென்ஸின் நிறத்துக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஆலையின் பெயரில் பொதுவாக ஒரு சான்றிதழை நீட்டினால் அதை ஏற்காதீர்கள்.

பெரும்பாலான ஃபிரேம் ஆலைகள் லென்ஸைத் தாங்களே செய்வதில்லை. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள தன்யாங் நகரம் லென்ஸுக்கே பேர்போனது. எனவே லென்ஸை நீங்களே தேர்ந்தெடுத்து, அதையே பொருத்தித் தரும்படி கேட்கலாம். கண்ணாடி லென்ஸில் காட்சி துல்லியம், கீறல் எளிதில் விழாது, ஆனால் கனம். பிளாஸ்டிக் வகைகளில் பாலிகார்பனேட் அடி தாங்கும், கீறல் விழும். சி.ஆர்.-39 தெளிவானது, அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்குக் கீழே. காட்சித் தெளிவும் அடி தாங்கும் வலுவும் ஒருங்கே வேண்டும் என்றால் நைலான் வகை லென்ஸைத்தான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது ஃபிரேமின் பொருள். ஆலைத் தேர்வில் பாதி இங்கேயே முடிந்துவிடும். நைலான் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்யும் ஃபிரேமுக்கு எஃகு மோல்டு வேண்டும். அந்தச் செலவு முன்கூட்டியே கையைக் கடிக்கும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். அசிட்டேட் அப்படியில்லை. மரக்கூழிலிருந்தும் பருத்தியிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸால் ஆன தகட்டை சி.என்.சி. எந்திரத்தில் வெட்டி, மரத்துண்டுகளோடும் மெருகுப் பொடியோடும் பீப்பாயில் போட்டு நாள்கணக்கில் உருட்டுவார்கள்; கடைசிப் பாலிஷ் கையால். மோல்டு தேவையில்லாததால் சில நூறு பீஸ்களில்கூடத் தொடங்கலாம். சிறிய பிராண்டுகள் அசிட்டேட்டை நாடுவதற்கு அழகு மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும்தான். ஒன்றைக் கவனியுங்கள்: குறைந்தபட்ச ஆர்டரை ஆலைகள் பெரும்பாலும் நிறவாரியாகக் கணக்கிடும். ஐந்து நிறம் கேட்டால் ஐந்து மடங்கு சரக்கு உங்கள் கிடங்கில் வந்து நிற்கும்.

இனி ஊர்களுக்கு வருவோம். இத்தாலியில் இந்தத் தொழிலின் தொட்டில், பெல்லூனோ மாகாணத்தின் கடோரே மலைப்பகுதி. அங்கே முதல் கண்ணாடி ஆலை 1878இல் வந்தது. அதே மாகாணத்தின் அகோர்தோவில் 1961இல் லியோனார்தோ டெல் வெக்கியோ தொடங்கிய லுக்சோட்டிக்கா, ஆரம்பத்தில் பிறருக்குப் பாகங்கள் செய்து கொடுத்த பட்டறை. 1999இல் அது ரேபான் பிராண்டையே வாங்கியது. உங்களுக்குச் செய்து கொடுப்பவர் நாளை உங்களோடு கடையில் போட்டியிடக்கூடும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பெரிய குழுமங்களின் ஆர்டர் வரும்போது சிறியவரின் ஆர்டர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும் ஆபத்தும் உண்டு. இத்தாலிக்குப் போவதானால் குடும்பமாக நடத்தும் நடுத்தரப் பட்டறையே புது பிராண்டுக்கு ஏற்றது. விலை அதிகம். ஆனால் ஐரோப்பியக் கடைக்காரரிடம் "இத்தாலியில் செய்தது" என்ற முத்திரைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அந்த முத்திரையையும் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல நாடுகளில் உருவாகும் பொருளுக்கு, கடைசியாகக் கணிசமான மாற்றம் நடந்த நாடே பிறப்பிடம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி. வெட்டுவது எங்கே, உருட்டுவது எங்கே, கீல் பொருத்துவது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நல்ல பட்டறை தயங்காமல் சொல்லும்.

ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்திலுள்ள சபாயே என் மனத்துக்கு நெருக்கமான ஊர். பனி மூடும் குளிர்காலத்தில் வருமானமின்றித் தவித்த விவசாயிகளுக்காக, 1905இல் மசுனாகா கொசயெமோன் கைவினைஞர்களை ஒசாகாவிலிருந்து வரவழைத்து அந்தப் பகுதியில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஜப்பானில் தயாராகும் ஃபிரேம்களில் 90 சதவீதத்துக்கு மேல் இன்று அங்கிருந்துதான் வருகின்றன. திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எனத் தனித்தனி யூனிட்கள் இருப்பதுபோல, அங்கும் அச்சு அழுத்துவது ஒரு பட்டறை, பற்றவைப்பது ஒன்று, முலாம் பூசுவது வேறொன்று. டைட்டானியம் சூட்டில் ஆக்சிஜனோடு வினைபுரியும். அதனால் காற்றுப் படாமல் ஆர்கன் போன்ற வாயுவின் நடுவில்தான் இணைக்க வேண்டும். 1980களின் தொடக்கத்திலிருந்தே அதைச் செய்து பழகிய கைகள் சபாயேவில் இருக்கின்றன. பட்டறை பட்டறையாகப் போவதால் நாள் பிடிக்கும். அவசரக்காரருக்கு அந்த ஊர் சரிவராது.

சீனா என்றதும் மலிவு என்று ஒதுக்குவது அறியாமை. ஷென்சென், வென்சோ, சியாமென் பகுதிகளில் மிக மட்டமான ஆலையும் மிக உயர்ந்த ஆலையும் அருகருகே இருக்கின்றன. இத்தாலியில் 1849இல் தொடங்கிய மட்சுக்கெல்லி நிறுவனத்தின் அசிட்டேட் தகட்டை வாங்கி, நேர்த்தியாகச் செய்து தரும் ஆலைகள் அங்கே உண்டு. சிக்கல் ஒன்றுதான்: சாம்பிளை ஒரு கை செய்யும், சரக்கை வேறொரு கை செய்யும். அதனால் சாம்பிளில் இரண்டை முத்திரையிட்டு, ஒன்றை நீங்களும் ஒன்றை ஆலையும் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு கப்பலேறும் முன் வெளி ஆய்வாளர் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சாம்பிள் கையில் வந்ததும் மேசையில் வையுங்கள். ஃபிரேமின் இரண்டு கைகளும் சமமாகப் படிய வேண்டும். முகப்பும் கையும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டக் கூடாது. அசிட்டேட் ஃபிரேமை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு பகல் போட்டு வையுங்கள். தகடு சரியாக உலராமல் வெட்டப்பட்டிருந்தால் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். உலோக ஃபிரேம் என்றால் நிக்கல் கசிவு அறிக்கை கட்டாயம். தோல் அரிப்புக்கு அதுவே பெரிய காரணம் என்பதால் ஐரோப்பா அதற்கு வரம்பு வைத்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் இரண்டை விட்டுவிடாதீர்கள்: மோல்டும் வரைபடமும் உங்கள் சொத்து, கழித்த பீஸ்கள் உங்கள் பெயரோடு வெளிச்சந்தைக்குப் போகக் கூடாது. சில ஆண்டுகள் கழித்தும் திருகு, கீல், மாற்று லென்ஸ் கிடைக்குமா என்றும் எழுதி வாங்குங்கள். விலை கொடுத்து வாங்கியவர் பழுது பார்த்துத் தரக் கேட்பார், கேட்க அவருக்கு உரிமை உண்டு.

என் தீர்ப்பு இது. டைட்டானியம் என்றால் காத்திருந்தாவது சபாயே. ஐரோப்பியக் கடைகளையே நம்பி, இத்தாலியச் செலவுக்கு ஏற்ற விலைக்கு விற்க முடியும் என்றால் கடோரேயின் நடுத்தரப் பட்டறை. சில நூறு அசிட்டேட் பீஸ்களோடு தொடங்கும் புதியவருக்கு, நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்த சீன ஆலையே சரி. எங்கே செய்தது என்பதை மறைக்காமல் கண்ணாடியிலேயே பொறித்து விற்கட்டும். எந்த ஊரானாலும், லென்ஸ் அறிக்கை கைக்கு வரும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.