ஆன்லைன் டிகிரி செல்லுமா?

(தெரிந்து கொள்வோம் பகுதி)



நம்ம ஊரில் பத்தாவது, பிளஸ் டூ முடிச்ச அக்கா அண்ணன்களில் பல பேர் அதோடு நின்னுடறாங்க. காலேஜ் போகணும்னா மலை இறங்கிச் சேலம் போகணும். பஸ் நேரம் ஒத்து வராது, ஹாஸ்டலுக்குப் பணம் வேணும், காபி பழம் பறிக்கிற சீசனில் வீட்டுக்கு ஆள் வேணும். இப்போ செல்போனில் "வீட்டிலிருந்தே டிகிரி" என்று விளம்பரம் வருகிறது. அப்படிப் பணம் கட்டி வாங்கும் டிகிரியை வேலை கொடுப்பவர்களும் கல்லூரிகளும் ஏற்றுக்கொள்வார்களா? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மூன்று வகைப் படிப்பு

1. நேரடிப் படிப்பு: தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது.

2. தொலைநிலைப் படிப்பு: பெரியவங்க "கரஸ்ல படிச்சேன்" என்று சொல்வது இதுதான். புத்தகம் கொடுப்பார்கள். சில நாள் மட்டும் வகுப்பு இருக்கும். தேர்வு மையத்தில் போய்த் தேர்வு எழுத வேண்டும். 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ), 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதற்காகவே ஏற்பட்டவை.

3. ஆன்லைன் படிப்பு: பாடம் இணையத்தில் நடக்கும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் இப்படி ஒரு பட்டப்படிப்பு தொடங்கியது. பாடம் வீட்டில் பார்க்கலாம். ஆனா தேர்வுக்கு மையத்துக்கு நேரில் போகணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2020-இல் விதிமுறை போட்டது. அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தரும் தொலைநிலை, ஆன்லைன் டிகிரி, நேரடி டிகிரிக்குச் சமம். 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. அதனால் "கரஸ் டிகிரி மட்டம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேல்படிப்புக்கும், டிகிரி கேட்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம்.

தனியார் கம்பெனி கதை வேறு. யாரை எடுப்பது என்பது அவங்க இஷ்டம். இன்டர்வியூவில் நமக்கு என்ன தெரியும் என்று பார்ப்பார்கள். அங்கே பேப்பர் மட்டும் போதாது.

எல்லாப் படிப்பும் வீட்டிலிருந்து படிக்க முடியுமா?

முடியாது. மருத்துவம், நர்சிங், பொறியியல், சட்டம், பார்மசி போன்றவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதி இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலையும் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஊசி போடுவதை வீடியோ பார்த்து மட்டும் கற்றுக்கொண்ட நர்ஸிடம் நாம் கை நீட்டுவோமா? யோசிச்சுப் பாருங்க.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் நடத்தின. அதில் ஒன்று நம்ம சேலத்தில் உள்ள விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் டிகிரி நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்கள் புதுசாக ஒரு தேர்வு எழுதிப் பாஸ் ஆனால்தான் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் டிகிரி செல்லாமலே போனது. படிச்சு முடிச்சு, அந்த டிகிரியால் வேலை, பதவி உயர்வு வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். பணம் வாங்கியது பல்கலைக்கழகம், கஷ்டப்பட்டது படிச்சவங்க.

பிளஸ் டூ இல்லாமல் டிகிரி?

நமக்கு மிகவும் முக்கியமானது இதுதான். முன்பு சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ படிக்காதவர்களுக்கும் நேரடியாக டிகிரி கொடுத்தன. டிகிரியே இல்லாமல் நேரடியாக எம்.ஏ. கூடக் கிடைத்தது. அப்படி நேரடியாக வாங்கிய எம்.ஏ. அரசுப் பதவிக்குச் செல்லாது என்று 2009-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும் ஆணை (எண் 107) போட்டது. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்று வரிசையாகப் படித்திருந்தால்தான் அரசு வேலைக்கு ஏற்றுக்கொள்வார்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பிலும் இந்த வரிசையைக் கேட்கிறார்கள். படிக்கட்டில் நடுப்படி இல்லைன்னா மேல்படிக்கு எப்படி ஏறுவது?

அதனால் யாராவது வீட்டில் வந்து, "பொண்ணு பத்தாவதோடு நிக்கட்டும், அப்புறம் நேரா டிகிரி வாங்கிக்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்காதீங்க. பள்ளியை விட்டு நின்னவங்க கூட பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், அந்த வருஷம் மூன்றுக்கும் அனுமதி உண்டா? யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கும். போன வருஷம் அனுமதி இருந்தது என்பது மட்டும் போதாது.

2. டீச்சர் ஆகணும் என்றால் டிகிரி மட்டும் போதாது. பி.எட். வேண்டும். அதை நடத்த என்.சி.டி.இ. அனுமதி வேண்டும்.

3. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஏதாவது கம்பெனி டிகிரி தருகிறதா? யு.ஜி.சி. ஏற்காத வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து இப்படித் தரும் டிகிரி செல்லாது என்று 2023-இல் எச்சரித்தார்கள்.

4. பணம் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகிறதா, ஏஜென்ட் கைக்குப் போகிறதா? ரசீது வாங்குங்கள்.

பயிற்சி

"பத்தாவது பாஸா? பெயிலா? ஒரே வருடத்தில் இன்ஜினியரிங் டிகிரி! தேர்வு வீட்டிலேயே!" இந்த விளம்பரத்தில் எத்தனை தப்பு?

விடை: நான்கு. பிளஸ் டூ இல்லை, ஒரு வருஷம் போதாது, பொறியியலை இப்படி நடத்தக் கூடாது, தேர்வு மையம் இல்லை.

தோழிகளே, வீட்டிலிருந்து படிப்பது கேவலம் இல்லை. தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க அது நல்ல வழி. ஆனால் பிளஸ் டூ வரை பள்ளியை விடாதீர்கள். விசாரிக்காமல் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். இந்தத் தாளைப் படித்ததும் வீட்டில் அக்கா அண்ணனிடம் சொல்லுங்கள்.

விசாரிப்போம்! பிறகு படிப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொட்டச்சேடு