ரிம்மில் பெண்டா, விரிசலா? எப்போது மாற்ற வேண்டும்?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழை நமக்கு நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் தேங்கினால் பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. லாரி முனையமும் தொழிற்பேட்டையும் உள்ள நம் மேட்டுப்பாளையத்தில் கனரக வண்டிகளும் அதிகம். வேகமாகப் பள்ளத்தில் இறங்கினால் டயரோடு ரிம்மும் அடி வாங்குகிறது. "காற்றுதானே இறங்குகிறது, அடித்துக்கொண்டு ஓட்டலாம்" என்று விடுவது ஆபத்து. ஓடும்போது முன்சக்கரத்தில் காற்று ஒரேயடியாகப் போனால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

அறிகுறிகள்

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது, ஒரே டயரில் அடிக்கடி காற்று குறைவது, டயரின் பக்கவாட்டில் வீக்கம். இதில் எதைக் கண்டாலும் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, அடிபட்ட சக்கரத்தைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சோதிக்கும் முறை

வீல் பேலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டால் பெண்டு கண்ணுக்கே தெரியும். பிறகு ரிம்மின் இருபுறமும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் குமிழி வந்தால் பெண்டாகவோ துருவாகவோ இருக்கலாம். உலோகத்திலிருந்தே குமிழி வந்தால் அது விரிசல். டயரைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தையும் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பல விரிசல்கள் உட்புறத்தில்தான் இருக்கும்.

சரிசெய்யலாம்

மேலோட்டமான கீறல், இரும்பு ரிம்மின் ஓரத்தில் விரிசல் இல்லாத சிறு நெளிவு. பெண்டு எடுத்த பிறகு மறுபடி பேலன்ஸ் பார்த்து, காற்று நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும்

எந்த இடத்தில் விரிசல் இருந்தாலும், ஓரம் உடைந்திருந்தாலும், போல்ட் துளை அகன்றிருந்தாலும், துரு உலோகத்தை அரித்திருந்தாலும், பெண்டு எடுத்தும் நடுக்கம் நிற்காவிட்டாலும் அந்த ரிம் வேண்டாம். அலாய் ரிம் இரும்பைப் போல வளைந்து கொடுக்காது. எளிதில் விரிசல் விடும். அதை வெல்டிங் வைத்தாலோ, சூடு காட்டி அடித்தாலோ அதன் பலம் குறையும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் நம்ப முடியாது.

வாங்கும்போது

விட்டம், அகலம், போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளை, ஆஃப்செட், தாங்கும் எடை ஆகிய எல்லாம் உங்கள் காருக்குப் பொருந்த வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பழைய ரிம் மலிவாகக் கிடைத்தாலும் அதன் கதை நமக்குத் தெரியாது. புதிதாக மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு ரிம்மின் விலை பெரிய செலவுதான். ஆனால் காரில் ஏறுபவரின் உயிர் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெண்டு என்றால் யோசிக்கலாம். விரிசல் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.